மோர்தானா அணை: பார்த்தாயிற்று, இதன் பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

ரயிலடி:

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தது குடியாத்தம், பிழைப்பு ஆவடியில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஊரை விட்டுப் போனவன், அணை கட்டிய காலத்தில் நான் இங்கே இல்லை. கார்த்திகை தீபத்துக்கு வந்தபோது மச்சான் வண்டியில் மோர்தானா வரைக்கும் போய்வந்தோம். குடியாத்தத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர். அணை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகான இடம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஆவடியில் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். வேலூர் என்றால் வெயில் என்றே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்க வந்தது வேறு. அணையின் உயரம் 11.50 மீட்டர், கொள்ளளவு 261.36 மில்லியன் கன அடி. கவுண்டன்ய மகாநதியின் குறுக்கே கட்டியது. இது எல்லாருக்கும் தெரிகிறது. அதற்கு மேல் கேட்டால் "போட்டோ எடுத்தியா?" என்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "இந்தத் தண்ணி பலமநேர்ல பொறந்தது தம்பி, அதுவும் ஒரு காலத்துல நம்ம ஜில்லாதான்" என்றார். அதை விளக்கிச் சொல்ல அவருக்குப் பொழுதில்லை, ஆடு தோப்புக்குள் புகுந்துவிட்டது.

அவர் சொன்னது சரிதானா? இந்த ஆற்றுக்கும் அணைக்கும் என்னதான் வரலாறு?

---

தீப்பெட்டி:

அண்ணே, இருபது சொச்சம் வருஷத்து அணைக்கு வரலாறு கேட்டால் எப்படி? என் கல்யாணத்துக்கே அதைவிட வரலாறு அதிகம். மீன் வறுவல் சாப்பிட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வரலாறுதான் வேண்டும் என்றால் ஊருக்குள் இருக்கிறது. காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆனதும் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது நம்ம குடியாத்தத்தில்தான். அதை விட்டுவிட்டு மலையில் போய்த் தேடுகிறீர்களே.

---

கரும்பலகை:

தம்பி ரயிலடி, அந்தப் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் காட்பாடிப் பக்கம் வரலாறு நடத்தியவள், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வட ஆற்காடு என்றால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டப் பெயர் சொல்கிறோம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் வேலூரே மூன்றாக உடைந்தது. அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பலருக்கும் தெரியாதது முதல் உடைப்பு. 1911 ஏப்ரல் வரைக்கும், இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற சித்தூர், பலமநேர் எல்லாம் வட ஆற்காடு ஜில்லா. சும்மா ஜில்லாவுக்குள் இருந்த ஊர்கள் என்று நினைக்காதீர்கள், ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், அங்கே இருந்தது. சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகுதான் வேலூருக்குத் தலைமையிடம் வந்து சேர்ந்தது.

அப்போதும் எல்லாம் ஒரே சென்னை மாகாணம். மாநில எல்லை என்று ஒன்று மலைமேல் விழுந்தது 1953 அக்டோபரில், ஆந்திரம் பிரிந்தபோது. ஆக, கவுண்டன்யா பிறக்கிற மலையும், அது பாலாற்றில் போய்ச் சேருகிற இடமும் வெகுகாலம் ஒரே கலெக்டரின் ஆட்சியில் இருந்தன. மலைமேல் ஏரி வெட்டினால் கீழே இருப்பவன் மனு கொடுக்க வேண்டிய கச்சேரியும் அதேதான். இன்றைக்கு மேலே மழை எவ்வளவு பெய்தது என்று தெரிய இங்கே இருக்கும் அதிகாரி பக்கத்து மாநிலத்துக்குப் போன் போட வேண்டும்.

மலையடிவாரக் கிராமங்களில் இன்னமும் வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று பேசுகிறவர்கள் நிறைய. பெண் கொடுத்து எடுப்பதும் கோடு பார்த்து நடப்பதில்லை. என் மாணவிகளில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் வீடு பலமநேர்ப் பக்கம்தான், எல்லை பற்றிப் பாடம் நடத்தினால் சிரிப்பார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். இந்த மலையடிவாரம் ஆதியில் மாடு மேய்த்த பூமி. ஆம்பூரில் நிருபதுங்க பல்லவனின் 26-ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு பிடிக்க வந்த படையை எதிர்த்துச் செத்த வீரர்களுக்கு நட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே சண்டை போட்டது மாட்டுக்காக. தண்ணீருக்கான சண்டை பிற்பாடு வந்தது.

---

பாலாற்று மணல்:

தண்ணீர்ச் சண்டை என்று வந்துவிட்டதால் நானும் வருகிறேன். வாணியம்பாடிக்காரன்.

1892-இல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் ஒப்பந்தம் போட்டன. பட்டியலில் இருக்கும் ஆறுகளில் சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிதாக அணையோ நீர்த்தேக்கமோ கட்டக்கூடாது. அந்தப் பட்டியலில் பாலாறு உண்டு. நடந்தது என்ன? கர்நாடகத்தில் பிறக்கிற பாலாறு அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, நம்மிடம் 222. நம்மிடம் ஓடுவது 222 கிலோமீட்டர் மணல்தான். எல்லையில் ஆந்திராக்காரர்கள் புல்லூர் கனகநாச்சியம்மன் கோயில் அருகே ஐந்தடியாக இருந்த தடுப்பணையை 2016-இல் பன்னிரண்டு அடிக்கு உயர்த்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீங்கள் என்னடா என்றால் அணை அழகு, மீன் வறுவல் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

---

கரும்பலகை:

கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 1892 ஒப்பந்தம் மைசூருக்கும் சென்னைக்கும் இடையில். அன்றைக்குப் பலமநேர் சென்னை மாகாணத்தில், அதுவும் நம்ம ஜில்லாவில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆற்றுக்கு யார் யாரோடு ஒப்பந்தம் போடுவார்கள்? பாலாற்றுக்காவது காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. கவுண்டன்யாவின் கதை வேறு வகை, அதை 1911, 1953 என்ற இரண்டு கோடுகளில் வைத்துப் படிக்க வேண்டும்.

---

தீப்பெட்டி:

டீச்சர் இருக்கும்போது நான் ஏன் வாயைத் திறந்தேன்...

---

கோடிப்போக்கு:

நீர்ப்பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோர்தானாவில் நேரடியாக வேலை செய்தவன் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சு ஒரு பக்கமாகவே போகிறது, அதனால் எழுதுகிறேன்.

எல்லாரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மலையைப் பார்க்கிறீர்கள். வரலாறு மேலே இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு. 261.36 மில்லியன் கன அடி என்ற எண் ஏன் இப்படிப் பிசிறாக இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓரடி உயரம் தண்ணீர் நின்றால் 43,560 கன அடி. 261.36 மில்லியனை அதால் வகுத்துப் பாருங்கள், அச்சாக 6,000 வரும். ஆறாயிரம் ஏக்கர் நிலத்தில் ஓரடித் தண்ணீர். இதுதான் அணையின் முழுக் கொள்ளளவு.

நம்ம மண்ணில் ஒரு போக நெல்லுக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை ஏறக்குறைய நாலடித் தண்ணீர் வேண்டும். அப்படியானால் ஒருமுறை நிரம்பிய அணையை மொத்தமாகத் திறந்து நேரே வயலில் விட்டால் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர் விளையும். வாய்க்காலில் ஊறிப்போவதைக் கழித்தால் அதுவும் இல்லை. ஆனால் மோர்தானாவின் பாசனக் கணக்கில் வருவது எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். கணக்கு எப்படி நிற்கிறது?

நிற்பது ஏரிகளால். அணையில் திறக்கிற தண்ணீர் ஆற்றோடு கீழே வந்து ஜிட்டப்பள்ளி தடுப்பணையில் இடதுபுறக் கால்வாய், வலதுபுறக் கால்வாய் என்று பிரிகிறது. அந்தக் கால்வாய்கள் போய் விழுவது நெல்லூர்பேட்டை ஏரி, பெரும்பாடி ஏரி என்று வரிசையாக இருக்கிற ஏரிகளில். ஏரிக்குத் தன் சொந்த மழைத் தண்ணீர் உண்டு, குறைகிறதை அணை ஈடுகட்டும். அப்புறம் ஏரியில் தேங்கியது கீழே இருக்கிற கிணறுகளில் ஊறும். ஏற்றம் போய், எண்ணெய் இன்ஜின் போய், இப்போது போர் மோட்டார், ஆனால் ஊற்று அதே ஏரியினுடையதுதான். அணை நிரம்புவதும் வருஷத்தில் ஒரு தடவையோடு நின்றுவிடுவதில்லை. ஆவணி, புரட்டாசியில் இடி மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டிலும் நம்ம பக்கத்துக்குப் பங்கு உண்டு. வருகிற வெள்ளத்தைப் பிடித்து ஏரிகளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அண்டா நிறைய ஊற்றி வைக்கும் வேலை ஏரிகளுக்கு, அணை மொண்டு ஊற்றுகிற சொம்பு.

அதனால்தான் சொல்கிறேன், மோர்தானாவுக்கு வயது இருபது சொச்சம் என்பது சுவருக்குச் சரி. அது நிரப்புகிற ஏரிகளுக்கு வயது கேட்டால் தாத்தா காலத்துக்கும் முன்னே போகும். ரயிலடித் தம்பி, நெல்லூர்பேட்டை ஏரிக்கரையில் ஏறி நின்று பார்த்தீர்களா?

---

ரயிலடி:

இல்லை ஐயா. சின்ன வயதில் அதில் குளித்ததோடு சரி. அந்தத் தண்ணீருக்கும் மோர்தானாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

இன்னொரு சந்தேகம். அணையில் ஷட்டர் திறந்து விட்ட மாதிரித் தெரியவில்லை, அகலமாக வழிந்து இறங்கியது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்களா?

---

கோடிப்போக்கு:

ஆமாம். மட்டத்துக்கு மேல் வந்தது தானாக வழியும், ஏரிக் கலங்கல் மாதிரி. நம்ம பக்கம் "ஏரி கோடி போகிறது" என்கிறோமே, அதே வேலை. என் பெயர் இப்போது புரிகிறதா? பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அணை ஒருமுறை நிரம்பிவிட்டால் அப்புறம் மேலே பெய்கிற மழை அப்படியே கீழே வரும். பிடித்து வைக்க இடம் இருக்காது, "நாளைக்கு விடலாம்" என்ற பேச்சும் கிடையாது. பாசனத்துக்கு மட்டும் மதகு வழியாகத் திறப்பார்கள்.

---

பாலாற்று மணல்:

ஐயா, ஏரி ஏரி என்கிறீர்கள். ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் கேளுங்கள். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கம் பேத்தமங்கலம் ஏரி உடைந்தது. அந்தத் தண்ணீர் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போயிற்று. சுமார் 200 பேர் செத்தார்கள். எங்கள் பாட்டி அவர் மாமியார் சொன்னதாகச் சொல்வார்: கூரைமேல் ஏறியவர்கள் கூரையோடு போனார்கள் என்று.

---

கோடிப்போக்கு:

மறுக்கவில்லை தம்பி. சங்கிலி ஏரிகளின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். மேல் ஏரியின் கோடித் தண்ணீர் கீழ் ஏரியின் வரத்து. மேலே கரை போனால் அத்தனையும் ஒரே மூச்சில் கீழ் ஏரிக்கு வரும், அதன் கலங்கல் அவ்வளவுக்குக் கட்டியதல்ல, அதுவும் உடையும். ஒன்று பின் ஒன்றாகப் போகும். அந்தப் பயத்தில்தான் முன்பு ஊருக்கு ஊர் மழைக்காலத்தில் கரையில் ஆள் படுத்திருப்பார்கள். குடிமராமத்து என்று சும்மாவா வைத்தார்கள்? தூர் எடுப்பது, கரை பலப்படுத்துவது, வரத்துக்கால் வெட்டுவது, எல்லாவற்றிலும் வீட்டுக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும்.

---

ஆற்காட்டு மக்கன்பேடா:

ஏரி என்று வந்தபிறகு ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரன் சும்மா இருந்தால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

காவேரிப்பாக்கம் ஏரியின் கொள்ளளவு தெரியுமா? 1,474 மில்லியன் கன அடி. உங்கள் மோர்தானாவை ஐந்து தடவை ஊற்றினாலும் இன்னும் இடம் இருக்கும். பல்லவர் காலத்து ஏரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மண்வெட்டி, கூடை, மாடு இவற்றை வைத்துக்கொண்டு சமதரையில் கரை போட்டுக் கட்டியது, இன்றைக்கு இயந்திரம் வைத்து மலை இடுக்கில் கட்டிய அணையைவிடப் பெரியது. இதற்குத் தண்ணீர் வருவது பாலாற்றில் வாலாஜா அருகே இருக்கிற அணைக்கட்டிலிருந்து. அந்த அணைக்கட்டு 1850-களில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஏரி முந்தி, அணை பிந்தி. ஐயா சொல்கிற அதே கதை இங்கேயும்.

அப்படியே மகேந்திரவாடிக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்தான். மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் இந்த மகேந்திர விஷ்ணுகிருகத்தை எடுத்தேன் என்று அவனே கல்வெட்டில் சொல்கிறான். ராஜா கோயிலுக்கு முகவரி சொல்லும்போது ஏரியைத்தான் அடையாளம் சொல்லியிருக்கிறான் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டு.

போகும் வழியில் ஆற்காட்டில் மக்கன்பேடா வாங்காமல் போனால் அது உங்கள் தலையெழுத்து.

---

தீப்பெட்டி:

எங்கள் அணையைச் சின்னதாக்கிவிட்டு ஸ்வீட் விளம்பரமா?

சரி, பெரிய அணை வேண்டுமென்றால் சாத்தனூர் இருக்கிறதே. 7,321 மில்லியன் கன அடி. அதுவும் அந்தக் கால வட ஆற்காடுதான், செங்கம் பக்கம். 1958-இல் முடிந்தது. எங்கள் தொகுதி முதலமைச்சர் காலத்தில் கட்டியது. வேண்டுமானால் அதையும் குடியாத்தம் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

---

நெறியாளர்:

ஊர்ப் பெருமை தனி இழையில். மோர்தானாவுக்கு வாருங்கள்.

---

மலையடிவாரம்:

வணக்கம். நான் சைனகுண்டாவுக்குப் பக்கத்தில் விவசாயம். மாந்தோப்பும் கொஞ்சம் வாழையும். படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன், ஒருத்தரும் யானை பற்றிப் பேசாததால் எழுதுகிறேன்.

அணைக்கு மேலே இருக்கிற காடு ஆந்திராவில் கவுண்டின்யா சரணாலயம். 1990-இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம் யானை கிடையாது. என் மாமனார் சிறு வயதில் இந்தக் காட்டில் விறகு பொறுக்கியவர், யானையைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறார். 1980-களில் ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டமாக நகர்ந்து வந்து இங்கே தங்கிவிட்டன. வந்தவை தங்கினதால்தான் சரணாலயமே.

அணை வந்தது அவற்றுக்கும் வசதி. கோடையில் காட்டுக்குள் குட்டை வற்றினால் மோர்தானாவில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தது அப்படியே போய்விடுமா? கீழே கரும்பு, வாழை, மா. ராத்திரி பட்டாசும் டார்ச்சுமாக நாங்கள் நிற்கிறோம். தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனால் நஷ்டஈடு மனு எழுதி எழுதிக் கை தேய்ந்துவிட்டது. இரண்டு மாநில வனத்துறையும் எல்லையில் நின்று அந்தப் பக்கம் விரட்டும், இந்தப் பக்கம் விரட்டும். யானைக்கு எது ஆந்திரா, எது தமிழ்நாடு?

அணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அணை வந்தபிறகுதான் எங்கள் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் தெரிகிறது. இரண்டும் ஒரே அணையால்தான். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பொழுது சாயும் முன் கிளம்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். போன் சிக்னலும் நம்பிக்கையில்லை.

---

கரும்பலகை:

அக்கா, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே எனக்குப் புதிய வரலாறு. ஊருக்கு யானை வந்து சேர்ந்த காலத்தைப் பார்த்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், அவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

---

பாலாற்று மணல்:

2021 பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

தீப்பெட்டி:

நான் சொல்கிறேன், இதில் தமாஷ் இல்லை. அந்த நவம்பரில் மேலே ஆந்திராவில் கொட்டியது, அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கோடிப்போக்கு ஐயா சொன்ன மாதிரிப் பிடித்து வைக்க இடமில்லை. கவுண்டன்யா குடியாத்தத்துக்குள் இரண்டு கரையும் தொட்டுப் போயிற்று. ஆற்றுக்குள் வீடு கட்டியிருந்தவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களில் வந்து தங்கினார்கள். பத்து வருஷம் தண்ணீரே வராத ஆற்றில் வீடு கட்டினால் அது ஆறு என்பதே மறந்துபோகும். எங்கள் தெருவிலேயே ஆற்றோரம் இடம் வாங்கியவர்கள் உண்டு. விற்றவன் ஆறு என்று சொல்லியா விற்பான்? அப்புறம் ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். இடித்ததும் தப்பில்லை, அழுததும் தப்பில்லை.

அதே மழையில் நவம்பர் 19 விடியற்காலையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அன்றைக்குப் பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டிப் போன தண்ணீர் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல். 1903-க்கு அப்புறம் இவ்வளவு பார்த்ததில்லை என்று பேப்பரில் எழுதினார்கள்.

---

பாலாற்று மணல்:

அவ்வளவும் கடலுக்குப் போனது. அதுதான் வயிற்றெரிச்சல்.

---

கோடிப்போக்கு:

கடலுக்குப் போனதைப் பற்றி நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. போகிற வழியில் மணல் இருந்திருந்தால் பாதியைக் குடித்திருக்கும். பாலாற்றில் ஊற்றுக்கால் என்று வெட்டுவார்கள், ஆற்று மணலுக்குள் சாய்வாகக் கால் எடுத்தால் வெள்ளம் போன பல மாதம் கழித்தும் ஊற்றுத் தண்ணீர் தானாக ஓடி வயலுக்கு வரும். வட ஆற்காட்டுப் பாசனத்தில் பெரும் பங்கு அதற்கு இருந்தது. மேலே தண்ணீர் தெரியாது, அடியில் ஆறு ஓடும். மணலை லாரியில் ஏற்றிவிட்டோம், மிச்சத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டோம். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, நாடு முழுக்க அதை மேற்கோள் காட்டுகிறார்கள். புல்லூரில் ஏழடி உயர்த்தினான் என்று வழக்குப் போடலாம், போட வேண்டும். நம்ம பக்கம் இருபதடி மணலை அள்ளியதற்கு யார் மேல் போடுவது?

---

பாலாற்று மணல்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. ஆனால் புல்லூரை விட மாட்டேன்.

---

கோடிப்போக்கு:

விடாதீர்கள், யார் விடச் சொன்னது.

---

ரயிலடி:

மீன் வறுவலில் தொடங்கி எங்கேயோ கொண்டுவந்து விட்டீர்கள். எல்லாருக்கும் நன்றி. பொங்கலுக்கு மறுபடி வருகிறேன். ஐயா சொன்ன மாதிரி தண்ணீர் போகிற வழியைப் பிடித்துப் போக வேண்டும் என்று ஆசை. ஒரே நாளில் முடியுமா? கூட மகளும் வருகிறாள், எட்டாவது படிக்கிறாள்.

---

கோடிப்போக்கு:

முடியும். ஆனால் தலைகீழாகப் போங்கள். முதலில் நெல்லூர்பேட்டை ஏரிக்கரை. மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று குழந்தைக்குக் காட்டுங்கள். கலங்கலில் எது கருங்கல், எது பிற்பாடு பூசிய சிமெண்டு என்று பார்த்தாலே யார் யார் கை வைத்தார்கள் என்று தெரியும். வயலில் யாராவது இருந்தால் தண்ணீர் முறை எப்படிப் பிரிக்கிறார்கள், மதகை யார் திறப்பது என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாததைச் சொல்வார்கள். பிறகு கால்வாயோரமாக மேலே ஏறி ஜிட்டப்பள்ளி. இரண்டு கால்வாய் பிரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அணையைவிட அங்கேதான் விஷயம் அதிகம். கடைசியாக மோர்தானா. அப்படிப் போனால் அணையைப் பார்க்கும்போது அது எதற்காக இருக்கிறது என்று குழந்தைக்கே தெரியும்.

வழிகிற இடத்தில் கால் வைக்க வேண்டாம். பாசி, வழுக்கும். குளிக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

---

கரும்பலகை:

நடுவில் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழா. அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருந்துகிற நாள். ஊரே ஆற்றுப் பக்கம் திரும்புகிற ஒரே நாள் அதுதான். மற்ற 364 நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறோம்.

---

மலையடிவாரம்:

பொங்கல் சமயம் கரும்பு நிற்கும், யானை நடமாட்டம் அதிகம். நாலு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். குழந்தையை அழைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால் நம் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போகலாம், தனிச்செய்தியில் வழி சொல்கிறேன்.

---

தீப்பெட்டி:

ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரவே ஆட்டோக்காரர் ஒரு விலை சொல்வார், அதனால் வேலூரில் இறங்கி பஸ் பிடியுங்கள். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் ஆம்னி வேன் இருக்கிறது, பெட்ரோல் காசு போதும். டீச்சரும் ஐயாவும் வருவதாக இருந்தால் முன் சீட் அவர்களுக்கு. பாலாற்று மணல் வந்தால் பின்னால் உட்கார வேண்டும், புல்லூர் பேச்சு எடுக்கக்கூடாது.

---

பாலாற்று மணல்:

வருகிறேன். வாயைக் கட்டிக்கொண்டு வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

---

ரயிலடி:

காணும் பொங்கலன்று கூட்டமாக இருக்கும், அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாமா? காலை ஏழு மணி, பஸ் ஸ்டாண்டு. ஐயா, நீங்கள் வந்தே ஆக வேண்டும், அந்த 43,560 கணக்கை மகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

---

கோடிப்போக்கு:

முட்டி அனுமதித்தால் வருகிறேன். அணை மேல் ஏறச் சொல்லாதீர்கள், ஜிட்டப்பள்ளி வரைக்கும் சரி.